ஒரு வார்த்தைக்கு விலை 16,975 பவுன்!

வேர்க்கடலைக்குத் தமிழ்நாட்டில் எத்தனை பெயர்கள்! சென்னையில் வேர்க்கடலை என்கிறார்கள். தெற்கே போனால் நிலக்கடலை. சில ஊர்களில் கடலைக்காய். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் போனால் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்று சொல்பவர்களும் உண்டு. பெயர் எதுவானால் என்ன? பொருள் ஒன்றுதான். சுடச்சுட வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால், "இதற்குப் பெயர் என்ன?" என்று யாரும் கேட்பது இல்லை.

ஆனால் இதே கடலைக்கு இரண்டு பெயர் இருந்ததால், லண்டனில் ஒரு வியாபாரக் கம்பெனிக்கு வர வேண்டிய 16,975 பவுன் வராமல் போயிற்று! சரக்கு மோசம் என்று யாரும் வழக்காடவில்லை. சரக்கு கப்பல் ஏறவில்லை என்றும் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதிய பெயர் மட்டும் வேறாக இருந்தது. "பணம் கிடையாது" என்று பாங்கி கையை விரித்துவிட்டது. மேல் கோர்ட்டும், "பாங்கி செய்தது சரிதான்" என்று தீர்ப்புச் சொன்னது.

நகைக்கடைப் பவுன் அல்ல இது. இங்கிலாந்து நாட்டு நாணயம். இது நடந்தது 1940-ம் ஆண்டு. அந்நாளில் ஒரு பவுனுக்கு 13 ரூபாய்க்குச் சற்று மேல். ஆகவே சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய். அந்தக் காலத்து இரண்டேகால் லட்சம்!

பாங்கி கொடுத்த வாக்குறுதி என்ன ஆயிற்று? வாக்குக் கொடுத்த பாங்கி இப்படிச் செய்யலாமா? இதைப் புரிந்து கொள்ள, முதலில் ஒரு மாட்டுச் சந்தைக்குப் போய் வர வேண்டும்.

கையிலே காசு, வாயிலே தோசை

சந்தையில் மாடு வாங்குகிறவர் என்ன செய்கிறார்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நாலு அடி நடக்க விட்டுப் பார்க்கிறார். தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசுகிறார். படிந்ததும் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். மாட்டுக் கயிறு கை மாறுகிறது. கையிலே காசு, வாயிலே தோசை. ஏமாற்ற வழி குறைவு. ஏமாந்தாலும், விற்றவர் ஊர் இன்னது என்று தெரியும்.

வாங்குகிறவர் டென்மார்க்கில் இருக்கிறார், சரக்கு சென்னையில் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நடுவில் கடல். கப்பல் போய்ச் சேர வாரக் கணக்கில் ஆகும். விற்கிறவர் முகத்தை வாங்குகிறவர் பார்த்தது இல்லை.

விற்கிறவர் நினைக்கிறார்: "பணம் வராமல் மூட்டையை ஏற்றினால், அந்த ஆள் நாமம் போட்டுவிட்டால் என்ன செய்வது? கப்பல் ஏறிப் போய் வசூல் செய்ய முடியுமா?"

வாங்குகிறவரும் சும்மா இருக்கவில்லை. "முன்னாலேயே பணத்தை அனுப்பிவிட்டால், மூட்டையில் கடலைக்குப் பதிலாக மண்ணைக் கட்டி அனுப்பினால் யாரைக் கேட்பது?" என்று அவர் நினைக்கிறார்.

இரண்டு பேரும் யோக்கியர்களாகவே இருக்கலாம். ஆனாலும் ஒருவரை ஒருவர் நம்ப வழி இல்லை. "நீ முதலில் அனுப்பு", "நீ முதலில் கொடு" என்று சொல்லிக் கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது. கடலை செட்டியிலேயே கிடக்கும். எண்ணெய் ஆலை சும்மா நிற்கும்.

நடுவில் நிற்கும் பாங்கி

இந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான் ஒரு கடிதம் பிறந்தது. 'லெட்டர் ஆப் கிரெடிட்' என்று அதற்குப் பெயர். வியாபாரிகள் சுருக்கமாக 'எல்.சி.' என்பார்கள். 'எல்.சி. திறந்தாச்சா?' என்பது ஏற்றுமதிக் கடைகளில் சாதாரணமாகக் காதில் விழும் கேள்வி.

வாங்குகிறவர் தம்முடைய பாங்கிக்குப் போகிறார். "இன்ன சரக்கு வாங்குகிறேன். இன்னாருக்கு இவ்வளவு பணம் தரவேண்டும். என் சார்பில் நீங்கள் வாக்குக் கொடுங்கள்" என்கிறார். பாங்கி அவரிடம் ஈடோ முன்பணமோ வாங்கிக் கொள்கிறது. பிறகு, விற்கிறவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறது. அதன் சாரம் இதுதான்: "நீங்கள் சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான இன்னின்ன காகிதங்களை, இன்ன தேதிக்குள் எங்களிடம் காட்டுங்கள். காகிதம் சரியாக இருந்தால் பணம் தருகிறோம்."

"வாங்குகிறவர் தருவார்" என்று பாங்கி எழுதுவதில்லை. "நாங்கள் தருகிறோம்" என்று எழுதுகிறது. இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வாங்குகிறவர் திவாலாகிவிட்டாலும் சரி, மனம் மாறிவிட்டாலும் சரி, பாங்கி கொடுத்தாக வேண்டும். பாங்கியின் பெயரே அங்கே ஈடு. சில சமயம் விற்கிறவர் ஊரிலேயே உள்ள இன்னொரு பாங்கியும், "நானும் பொறுப்பு" என்று கையெழுத்துப் போடும். அப்போது இரட்டைக் காப்பு.

கடல் கடந்து ஒரு பெயரை நம்புவது தமிழர்களுக்குப் புதிது அல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார்களின் உண்டியல், கொடுத்தவர் பெயருக்காகவே செல்லுபடியாயிற்று. ஆனால் எல்.சி.யில் ஒரு நிபந்தனை உண்டு. காகிதம் சரியாக இருக்க வேண்டும்.

என்ன காகிதங்கள்? முதலில் விலைப்பட்டியல், இன்வாய்ஸ் என்பார்கள். பிறகு இன்ஷூரன்ஸ் பத்திரம். சில சமயம் தரச் சான்று. இவற்றுக்கெல்லாம் தலையாயது கப்பல் ரசீது. 'பில் ஆப் லேடிங்' என்பது அதுதான். சரக்கை ஏற்றிக் கொண்டதும் கப்பல் கம்பெனி அதைக் கொடுக்கிறது. வெறும் ரசீது என்று நினைத்துவிடக் கூடாது. கிட்டத்தட்ட வீட்டுப் பத்திரம் மாதிரி. அதைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் அக்கரைத் துறைமுகத்தில் சரக்கை எடுக்க முடியும். ஆகவே, கப்பல் ரசீதைக் கையில் வைத்திருக்கும் பாங்கிக்கு ஒரு தைரியம் உண்டு. வாங்குகிறவர் பணத்தைக் கட்டினால்தான் ரசீதைக் கொடுக்கும்.

பாங்கி குமாஸ்தா துறைமுகத்துக்குப் போவதில்லை. மூட்டையைக் குத்திப் பார்ப்பதில்லை. கடலையை வாயில் போட்டுப் பார்ப்பதும் இல்லை. அவருக்குத் தெரிந்தது காகிதம் ஒன்றுதான். எல்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார். பொருந்தினால் பணம். பொருந்தாவிட்டால் இல்லை.

இப்போது கடலைக் கதைக்கு வரலாம்.

சென்னையிலிருந்து டென்மார்க்குக்கு

அந்தக் காலத்தில் சென்னை ராஜதானி கடலைக்குப் பேர் போனது. தென் ஆற்காடு, வட ஆற்காடு ஜில்லாக்களில் விளைந்த கடலை மேல்நாடுகளுக்கு ஏற்றுமதி ஆயிற்று. அங்கே அதை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள். கிழக்குக் கரைக்குச் சோழமண்டலக் கரை என்று பெயர் அல்லவா? வெள்ளைக்காரர் வாயில் அது 'கோரமண்டல்' ஆயிற்று. இந்தக் கரைக் கடலைக்கு லண்டன் மார்க்கெட்டில் 'கோரமண்டல் கடலை' என்று பெயர்.

1940 மார்ச் மாதக் கடைசியில் லண்டனில் ஹாம்ப்ரோஸ் பாங்கிக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு தந்தி வந்தது. "லண்டன் ரேனர் கம்பெனி பெயருக்கு எல்.சி. திறக்கவும். சென்னையிலிருந்து டென்மார்க்கின் ஆர்ஹுஸ் துறைமுகத்துக்குச் சுமார் 1,400 டன் கோரமண்டல் கடலை. டன் ஒன்றுக்கு 12 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ்" என்பது தந்தியின் விஷயம். பெருக்கிப் பார்த்தால் சரியாக 16,975 பவுன்.

பாங்கியும் அப்படியே எல்.சி. எழுதிக் கொடுத்தது.

சென்னையில் கடலை மூட்டைகள் கப்பல் ஏறின. ஒரு மூட்டை 177 ராத்தல். அதாவது சுமார் 80 கிலோ. 1,400 டன்னுக்குக் கணக்குப் போட்டால் பதினேழாயிரம் மூட்டைக்கு மேல் வருகிறது. எத்தனை கூலிக்காரர் முதுகு வலித்திருக்கும்!

கப்பல் ரசீது எழுதினார்கள். அதில்தான் வந்தது வினை. 'கோரமண்டல் கடலை' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'யந்திரத்தில் உடைத்த நிலக்கடலைப் பருப்பு' என்று எழுதிவிட்டார்கள். ஓரத்தில் 'சி.ஆர்.எஸ்.' என்று மூன்று எழுத்து மட்டும் இருந்தது. விலைப்பட்டியலில் 'கோரமண்டல் கடலை' என்றே இருந்தது.

ரேனர் கம்பெனி காகிதங்களைப் பாங்கியில் நீட்டியது. பாங்கி பார்த்தது. "எல்.சி.யில் சொன்ன பெயர் கப்பல் ரசீதில் இல்லை. ஆகவே பணம் தர இயலாது" என்று சொல்லிவிட்டது.

நேரமும் பொல்லாத நேரம். ஏப்ரல் 9-ந் தேதி ஹிட்லரின் படைகள் டென்மார்க்குக்குள் புகுந்துவிட்டன. எல்.சி. திறக்கச் சொன்ன தேசமே எதிரியின் கையில் சிக்கிக் கொண்டது. பாங்கி பணத்தைக் கொடுத்துவிட்டால் யாரிடம் போய் வாங்குவது? ஆனால் கோர்ட்டில் பேசப்பட்டது யுத்தம் அல்ல. காகிதத்தில் இருந்த பெயர்தான்.

ரேனர் கம்பெனி வழக்குத் தொடுத்தது. லண்டனில் மின்சிங் லேன் என்று ஒரு தெரு. மசாலா, தேயிலை போன்ற சரக்கு வியாபாரத்துக்குப் பேர் போன இடம். அந்த வியாபாரம் தெரிந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். "யந்திரத்தில் உடைத்த நிலக்கடலைப் பருப்பு என்றாலும் கோரமண்டல் கடலை என்றாலும் ஒன்றுதான். இந்த வியாபாரத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். சி.ஆர்.எஸ். என்பதே கோரமண்டலின் சுருக்கம்தான்" என்றார்கள். கீழ்க் கோர்ட்டு நீதிபதி ஒப்புக் கொண்டார். பணத்தைக் கொடுக்கும்படி உத்தரவு போட்டார்.

பாங்கி அப்பீல் செய்தது. 1942-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பை மாற்றிவிட்டது!

அப்பீல் நீதிபதிகளில் ஒருவர் மக்கின்னன். அவர் சொன்ன காரணம் இதுதான். உலகத்தில் ஆயிரக் கணக்கான வியாபாரங்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் சரக்குக்கு என்ன செல்லப்பெயர் என்று பாங்கிக்காரர் தெரிந்து வைத்திருக்க முடியுமா? இரும்புக்கும் பாங்கி எல்.சி. கொடுக்கிறது; தோலுக்கும் கொடுக்கிறது. கடலை வியாபாரிக்குத் தெரிந்தது பாங்கிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? டென்மார்க்காரர் 'கோரமண்டல் கடலை என்று எழுதிய ரசீதுக்குப் பணம் கொடு' என்றுதான் அனுமதி கொடுத்தார். வேறு பெயர் எழுதிய ரசீதுக்குக் கொடுத்தால், பாங்கி தன் கைப்பணத்தைப் பணயம் வைக்கிறது என்று பொருள்.

மல்லாட்டை என்றாலும் வேர்க்கடலை என்றாலும் ஒன்றுதான் என்று திண்டிவனத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். லண்டன் பாங்கிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை!

கேட்பதற்குக் கொஞ்சம் கல்நெஞ்சாகத்தான் படுகிறது. ஆனால் பாங்கிகள் இவ்வளவு பயப்படுவதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு.

ஒரு 'கள்' செய்த கலகம்

1920-களில் நடந்தது இது. லண்டன் கம்பெனி ஒன்று ஜாவாத் தீவின் பட்டேவியாவிலிருந்து வெனிலாக் காய் வாங்கியது. இன்றைய ஜகார்த்தாதான் அந்நாளைய பட்டேவியா. ஐஸ்கிரீமுக்கு மணம் கொடுக்கும் வெனிலா இந்தக் காயிலிருந்து வருகிறது. விலை உயர்ந்த சரக்கு.

"நிபுணர்கள் பார்த்து நல்ல சரக்கு என்று சான்று கொடுத்தால்தான் பணம்" என்று லண்டன் கம்பெனி நிபந்தனை போட்டது. ஒருவரை வளைத்துவிடலாம், இரண்டு மூன்று பேரை வளைப்பது கஷ்டம் என்ற எண்ணம்.

செய்தி தந்தியில் போயிற்று. தந்திக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே ரகசியக் குறிச்சொற்களை வைத்துச் சுருக்கி அனுப்புவார்கள். இந்தத் தந்தியில் இருந்த குறிச்சொல்லுக்கு 'நிபுணர்' என்றும் பொருள். 'நிபுணர்கள்' என்றும் பொருள். பட்டேவியாவில் 'நிபுணர்' என்று படித்துக் கொண்டார்கள். ஒரே ஒருவரின் சான்றை வாங்கிக் கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

சரக்கு லண்டன் வந்தது. திறந்து பார்த்தால் பெரும்பாலும் குப்பை! விற்றவன் மோசடிக்காரன். அந்த ஒரு நிபுணரையும் அவன் ஏமாற்றியிருந்தான்.

பாங்கி லண்டன் கம்பெனியிடம் பணம் கேட்டது. கம்பெனி, "நான் கேட்டது நிபுணர்கள், நீ பார்த்தது நிபுணர். தர மாட்டேன்" என்றது. வழக்கு இங்கிலாந்தின் கடைசிக் கோர்ட்டான பிரபுக்கள் சபை வரைக்கும் போயிற்று. பாங்கி தோற்றது. 'ஏறக்குறைய சரி' என்ற பேச்சுக்கே இந்த விஷயத்தில் இடம் இல்லை என்று ஆயிற்று. நஷ்டம் பாங்கியின் தலையில்.

ஒரு 'கள்' விட்டுப் போனதற்கு அபராதம் அது. அதற்குப் பிறகு எந்தப் பாங்கி மானேஜர்தான் ஓர் எழுத்தை விடுவார்?

மாஸ்கோ யந்திரமும் சென்னைக் கம்பெனியும்

காகிதம் பிசகினால் பாங்கி பணம் கொடுக்க வேண்டியதில்லை. சரி. காகிதம் அச்சாகச் சரியாக இருந்து, சரக்கு மட்டும் சரியில்லாமல் போனால்?

இதற்கு விடை சொன்ன வழக்கு சென்னையிலேயே தொடங்கியது.

மேற்கு வங்காளத்தில் கங்கை நதியின் குறுக்கே பரக்கா அணை கட்டினார்கள். கல்கத்தாத் துறைமுகத்தில் வண்டல் படிந்து கப்பல் போக்குவரத்துக் கெட்டுப் போகாமல் இருக்க, கங்கைத் தண்ணீரைக் கால்வாய் வெட்டித் திருப்பிவிடும் திட்டம் அது. அந்தக் கால்வாயில் ஒரு பகுதியைத் தோண்டும் வேலை, சென்னைத் தாராப்பூர் கம்பெனிக்குக் கிடைத்தது. மண் தோண்டும் யந்திரங்களை ரஷ்யாவிலிருந்து வாங்கினார்கள். விற்றது மாஸ்கோவிலிருந்த சர்க்கார் வியாபார நிறுவனம். சுமார் 66 லட்சம் ரூபாய்க்கு பாங்க் ஆப் இந்தியா எல்.சி. கொடுத்தது. கொஞ்சம் முதலிலும், மீதி பிறகும் தருவதாக ஏற்பாடு.

யந்திரங்கள் வந்தன. வேலையும் செய்தன. ஆனால், "சொன்ன அளவுக்கு வேலை செய்யவில்லை" என்று சென்னைக் கம்பெனிக்கு மனக்குறை. மீதிப் பணம் போகக் கூடாது என்று சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. நீதிபதி ஒருவர் தற்காலிகத் தடை உத்தரவு கொடுத்தார். அப்பீலில் அந்தத் தடை நீங்கியது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

நம் வீட்டு நியாயப்படி பார்த்தால் கம்பெனியின் பேச்சு சரி என்றுதான் தோன்றும். கறவை மாடு என்று சொல்லி விற்றான், பால் கறக்கவில்லை, மீதிப் பணத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளக் கூடாதா?

1968-ல் சுப்ரீம் கோர்ட்டு "கூடாது" என்றது.

பாங்கியின் வாக்கு வேறு. யந்திர பேரம் வேறு. பேரத்தில் சண்டை என்றால் விற்றவர் மேல் தனியாக நடவடிக்கை எடுக்கலாம். அதற்காக, பாங்கி கொடுத்த வாக்கைத் தடுக்க முடியாது. ஜோர்டான் நாட்டு வியாபாரிகள் இங்கிலாந்தில் இரும்புக் கம்பி வாங்கியபோது, 1958-ல் லண்டன் அப்பீல் கோர்ட்டு இதே மாதிரிதான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. முதல் தவணைக் கம்பி சரியில்லை, இரண்டாவது எல்.சி.யை நிறுத்துங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். நிறுத்த மறுத்துவிட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பையும் எடுத்துக் காட்டியது.

விற்றவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். ஒவ்வொரு வாங்குகிறவரும், "சரக்கு பிடிக்கவில்லை" என்று கோர்ட்டுக்குப் போய்ப் பாங்கியின் கையைக் கட்டிவிடலாம் என்றால், எல்.சி.யை நம்பி யார் சரக்கு அனுப்புவார்கள்? சென்னைப் பாங்கியின் எல்.சி. என்றால் மாஸ்கோவில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நாளைக்கு இங்கிருந்து தோல் ஏற்றுமதி செய்கிறவருக்கும், துணி ஏற்றுமதி செய்கிறவருக்கும் இதே கதி வெளிநாட்டில் நேரலாம்.

பெட்டிக்குள் பசு மயிர்

அப்படியானால் மோசடிக்காரனுக்குக் கொண்டாட்டம்தானே என்று கேட்கத் தோன்றுகிறது. அழகாகக் காகிதம் தயார் செய்துவிட்டு, பெட்டியில் செங்கல்லை வைத்து அனுப்பினால்?

அதற்கும் ஒரு வழக்கு உண்டு. அதிலும் இந்தியாவுக்குச் சம்பந்தம் உண்டு. பெருமைப்படும்படியான சம்பந்தம் இல்லை!

1941 ஜனவரி மாதம். நியூயார்க் வியாபாரி ஒருவர் லக்னோவிலிருந்த ஒரு கம்பெனியிடம் பிரஷ் செய்ய உதவும் முரட்டு மயிர் வாங்க ஒப்பந்தம் செய்தார். பன்றி மயிரில் பிரஷ் செய்வது வழக்கம். ஷ்ரோடர் என்ற நியூயார்க் பாங்கி எல்.சி. கொடுத்தது.

லக்னோ கம்பெனி என்ன செய்தது என்று அந்த வியாபாரி தம்முடைய வழக்கில் சொன்னார். ஐம்பது பெட்டிகளில் பசு மயிரையும் ஒன்றுக்கும் உதவாத குப்பையையும் திணித்ததாம். 'முரட்டு மயிர்' என்று எழுதிய கப்பல் ரசீதை வாங்கிக் கொண்டதாம். கான்பூரில் இருந்த ஒரு பாங்கி மூலம் காகிதங்களை நியூயார்க்குக்கு அனுப்பியதாம். காகிதத்தில் ஒரு குற்றமும் இல்லை.

பணம் கைமாறுவதற்கு முன்னால் வியாபாரி கோர்ட்டுக்கு ஓடினார். "கொடுக்காதே என்று பாங்கிக்கு உத்தரவு போடுங்கள்" என்று கேட்டார். கான்பூர்ப் பாங்கியோ, "இந்த வழக்குக்கு ஆதாரமே இல்லை, தள்ளுங்கள்" என்றது.

நீதிபதி ஷியன்டாக். அவர் வழக்கைத் தள்ளவில்லை. 1941 ஜூலையில் அவர் சொன்ன தீர்ப்பு உலகப் பிரசித்தி பெற்றது. பாங்கி காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும், சரக்கைப் பார்க்க வேண்டியதில்லை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் இங்கே சரக்கு மட்டம் என்பது புகார் இல்லை. வேண்டுமென்றே சரக்கை அனுப்பாமல் குப்பையை அனுப்பியதாகப் புகார். பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே இந்த மோசடி பாங்கிக்குத் தெரிந்துவிட்டால், எல்.சி.யின் சட்டம் அயோக்கியனுக்குக் கேடயமாக இருக்க முடியாது என்றார் அவர்.

ஒன்றை அவர் ஜாக்கிரதையாகச் சொல்லி வைத்தார். மோசடி தெரியாத வேறு ஒருவர், நல்ல எண்ணத்தோடு அந்த உண்டியலைப் பணம் கொடுத்து வாங்கியிருந்தால், அவருக்குப் பாங்கி கொடுத்துத்தான் தீர வேண்டும். கான்பூர்ப் பாங்கி அப்படி வாங்கவில்லை. விற்றவருக்காக வசூல் செய்யும் ஏஜெண்டுதான் என்பது வழக்கு.

இந்த விதிவிலக்கு பிறகு அமெரிக்க வணிகச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. இந்தியக் கோர்ட்டுகளும் இதை ஏற்றுக் கொண்டிருக்கின்றன. ஆனால் "மோசடி, மோசடி" என்று வாயால் சொன்னால் போதாது. பளிச்சென்று தெரியும்படி ஆதாரம் காட்ட வேண்டும். 'சரக்கு மட்டம்' என்ற புகாருக்கு மோசடி என்று பெயர் சூட்டிக் கொண்டு வருகிறவர்களைக் கோர்ட்டு திருப்பி அனுப்பிவிடும்.

ஐந்து நாள் கெடு

நாட்டுக்கு நாடு, பாங்கிக்குப் பாங்கி வழக்கம் வேறுபட்டால் குழப்பம் அல்லவா? ஆகவே பாரிஸ் நகரில் உள்ள சர்வதேச வர்த்தக சபை எல்.சி.க்கென்று பொது விதிகளை வகுத்தது. முதல் விதிகள் வந்தது 1933-ல். அதன் பிறகு பல தடவை திருத்தினார்கள். 2007 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த விதிகளில் 39 பிரிவுகள் உள்ளன. இந்தியப் பாங்கிகளும் இவற்றின்படி எல்.சி. கொடுக்கின்றன.

இந்த விதிகளின்படி கொடுத்த எல்.சி.யைப் பாங்கி தன் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. விற்கிறவரும் சம்மதிக்க வேண்டும். காகிதங்கள் வந்து சேர்ந்தால், பரிசீலிக்க அதிகபட்சம் ஐந்து பாங்கி வேலை நாட்கள்தான். குறை இருந்தால், இன்னின்ன குறை என்று எல்லாவற்றையும் ஒரே நோட்டீசில் சொல்லிவிட வேண்டும். இன்று ஒரு குறை, அடுத்த வாரம் இன்னொரு குறை என்று இழுத்தடிக்கக் கூடாது. கெடுவுக்குள் சொல்லாவிட்டால், பிறகு 'காகிதம் சரியில்லை' என்று சொல்லும் உரிமையே பாங்கிக்குப் போய்விடும்.

குறை சொல்லி நோட்டீசு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. எல்.சி. தேதி முடியாமல் இருந்தால் காகிதத்தைத் திருத்தி மறுபடியும் கொடுக்கலாம். வாங்குகிறவர் சம்மதித்தால் பாங்கி குறையைப் பொருட்படுத்தாமலும் விடலாம். சரக்கின் விலை இறங்கியிருக்கும் நேரமாக இருந்தால், வாங்குகிறவர் லேசில் சம்மதிக்க மாட்டார். "இவ்வளவு குறைத்துக் கொள்" என்று பேரம் பேச ஆரம்பிப்பார். சரக்கோ நடுக்கடலில். ஆகவே அனுபவம் உள்ள ஏற்றுமதிக்காரர்கள் எல்.சி. கைக்கு வந்த அன்றைக்கே எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள். தேதி பொருந்துமா, சரக்கின் பெயர் சரியா, கேட்டிருக்கிற சான்று கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். கூடாது என்று தோன்றினால், மூட்டை கட்டுவதற்கு முன்னாலேயே திருத்தம் கேட்டு வாங்கிவிடுகிறார்கள்.

ரேனர் கம்பெனியை மாட்டிவிட்ட விஷயத்திலும் விதி கொஞ்சம் இளகியிருக்கிறது. கப்பல் ரசீது போன்ற காகிதங்களில் சரக்கின் பெயரைப் பொதுவாக எழுதினால் போதும்; எல்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரண்பாடாக மட்டும் இருக்கக் கூடாது. வெறும் 'நிலக்கடலை' என்று எழுதினாலும் பாதகம் இல்லை.

விலைப்பட்டியலில் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. எல்.சி.யில் 'கோரமண்டல் கடலை' என்று இருந்தால், விலைப்பட்டியலிலும் 'கோரமண்டல் கடலை' என்றுதான் எழுத வேண்டும். மல்லாட்டை என்று எழுதினால் நடக்காது!